நகம் பட்ட வரி

பீர்க்கன்கரணை
18.5.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா, அம்மா, நான் மூவரும் இங்கே நலம். உன் இருமல் போய்விட்டதா? கஷாயம் வைத்துக் குடி என்று அம்மா சொல்லச் சொன்னார்கள். நீ வைக்க மாட்டாய் என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

என்னோடு பி.ஏ. படித்த ஏஞ்சல் உன் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நம்பவே இல்லை. கண் தெரிந்த அண்ணன் எதற்குப் பிரெயில் எழுதுகிறான் என்றாள். மதரஸாவில் அரபி எழுதிப் பழகிய கை, வலமிருந்து இடமாகப் புள்ளி குத்துவது அவனுக்கு என்னைவிடச் சுலபமாக வந்துவிட்டது என்றேன். விரலால் படிக்க மட்டும் தெரியாது, கண்ணால் பார்த்துப் படிக்கும் சோம்பேறி என்பதையும் மறைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பி.எட். படிப்புக்கு விண்ணப்பம் வந்துவிட்டது. இந்த வருஷம் அச்சிட்ட படிவம் கிடையாதாம். எல்லாம் ஆன்லைனில்தான். ஜூன் முப்பது கடைசி நாள்.

அத்தா அம்மாவை வைத்துக்கொண்டே கறாராகச் சொல்லிவிட்டார். “இந்த வருஷம் சீட்டு கெடச்சா படி. இல்லாங்காட்டி வாணியம்பாடி போய் பெரியம்மா கூட இரு. நாங்க இருக்கிற வரைக்கும் பார்ப்போம். அப்பால யாரு?” கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுகிற குரலில் சொன்னார். ஜஹானாரா பெரியம்மாவும் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள். பெரியப்பாவுக்குப் பிரியாணி ஆர்டர் குவிகிறதாம், வெள்ளைப்பூண்டு உரிக்கக் கண்ணா வேணும் என்று சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அண்ணா. வாத்தியார் ஆகாமல் போனால் என் வாழ்க்கை ஒரு பூண்டு மூட்டைக்குப் பக்கத்தில் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை போனில் இதைப் பேச முடியாது. அத்தா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பார். இந்தப் புள்ளிகள்தான் நம் இருவருக்கும் உரியவை. என்ன, பிரெயில் கடிதம் தபால் தலை இல்லாமல் இலவசமாகப் போவதால் நத்தை வேகத்தில் போகிறது.

உன் துஆவை நாடும் தங்கை
ஷாயிஸ்தா


பெங்களூர்
26.5.2008

அன்புத் தங்கை ஷாயிஸ்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் அருளால் நலம். இருமல் போய்விட்டது, கஷாயம் இல்லாமலே.

நீ ஏன் இப்படிப் பயப்படுகிறாய்? ஆன்லைன் என்பது உனக்கு நல்லதுதானே! வரிசையில் நிற்க வேண்டாம், யார் தயவும் வேண்டாம். பேசும் கம்ப்யூட்டரை ஆறு மாதம் போய்ப் படித்தாயே, எதற்கு? பெருங்களத்தூரில் நம் ஜெபகுமார் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் உன் சி.டி.யைக் கொண்டுபோய் அவர் கம்ப்யூட்டரிலே போடச் சொல்.

இங்கே கூரியர் கம்பெனி வேலை பரவாயில்லை. காலை முதல் மாலை வரை கம்ப்யூட்டரில் பார்சல் கணக்கு.

(இங்கே அரை வரி நகத்தால் அமுக்கப்பட்டிருக்கிறது.)

மேலே அமுக்கியது என் சூப்பர்வைசரைப் பற்றியது. பெண்பிள்ளை படிக்கத் தக்கதல்ல. நம் சட்டம் ஞாபகம் இருக்கட்டும்.

அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் ஸலாம்.

அண்ணன்
தௌசிப்


பீர்க்கன்கரணை
5.6.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி நலம். உன் அரை வரியைப் படிக்கவில்லை. புள்ளியை அமுக்கினாலும் தழும்பு விரலில் தட்டத்தான் செய்கிறது. ஆனால் சட்டம் சட்டம்தான். பன்னிரண்டு வயதில் ஒரு முறை மீறிப் பட்டது போதாதா? பொருட்காட்சிக்கு என்னைக் கூட்டிப்போக உனக்கு வெட்கமாக இருக்கிறது, கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று நீ எழுதி அமுக்கியிருந்தாய். நான் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்றைக்கு அம்மா தலைமேல் சத்தியம் செய்துகொண்டோம்: நகம் பட்ட வரி சொல்லாத சொல், அதை மற்றவர் படிக்கக் கூடாது.

இப்போது என் கதையைக் கேள். ஒரு வாரத்தில் ஏழு முறை ஜெபகுமார் அண்ணன் கடைக்குப் போனேன்.

முதல் பக்கத்திலேயே ஒரு படமாம். அதில் கோணல் மாணலாக ஐந்து எழுத்து. விண்ணப்பிப்பது மெஷின் இல்லை, மனிதர்தான் என்று தெரிந்துகொள்ள அதைப் பார்த்து அடிக்க வேண்டுமாம். என் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. இருபத்தொரு வருஷமாக நான் மனுஷி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜெபகுமார் அண்ணன் அந்த ஐந்து எழுத்தைப் படித்துச் சொன்னார். உள்ளே போனால் எந்தக் கட்டத்துக்கும் பெயர் இல்லை. ‘கட்டம், கட்டம், கட்டம்’ என்று குரல் ஓதுகிறது. எது என் பெயருக்கு, எது அத்தா பெயருக்கு என்று குத்துமதிப்பாக அடித்தேன். தாய்மொழி என்கிற இடத்தில் ஹனீஃபா என்று அத்தா பெயரைப் போட்டிருந்தேனாம். அண்ணன் சிரித்தார், நானும் சிரித்தேன். பதினைந்து நிமிஷம் ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அந்தப் படத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஏழாம் முறை அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து வேகமாக நிரப்பினார். ‘உடல் ஊனமுற்றவரா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டால் சான்றிதழ் கேட்டு ஒரு சின்னப் பெட்டி திறக்கிறது. அது வெள்ளையாகத் திறந்து அப்படியே நிற்கிறது. சான்றிதழை வாங்குவதும் இல்லை, மூடுவதும் இல்லை. “இல்லைன்னு போட்டா ஜம்முனு போவுதும்மா” என்றார் அண்ணன். இல்லை என்று போட்டால் நுழைவுத் தேர்வில் எனக்காகக் கேள்வியைப் படித்து, நான் சொல்லும் விடையைக் குறிக்க ஆள் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். கண் இல்லாதவள் வெறும் தாளோடு உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஏஞ்சலை அழைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே போனேன். பேப்பரில் ஒரு படிவம் தாருங்கள் என்று கெஞ்சினேன். கவுன்டரில் இருந்தவர் அன்பாகத்தான் பேசினார். “உங்கள மாதிரி ஆளுங்க அலையக் கூடாதுன்னுதாம்மா ஆன்லைன் வச்சிருக்கோம். வீட்ல கண்ணு தெரிஞ்சவங்க இருந்தா போடச் சொல்லு.”

வீட்டில் கண்ணும் தெரிந்து கம்ப்யூட்டரும் தெரிந்தவன் நீ ஒருவன்தான், அண்ணா. அத்தாவுக்கு மவுஸ் எது என்றே தெரியாது. உன் ஆபீஸ் லைன் வேகம் என்பாயே, நீயே போட்டுவிடு. விவரம் எல்லாம் அடுத்த மூன்று பக்கத்தில் குத்தியிருக்கிறேன். போட்டோ, சான்றிதழ் நகல், கையெழுத்து உள்ளே இருக்கின்றன. கையெழுத்து நேராக வர அட்டையை வைத்து நாற்பது முறை போட்டுப் பார்த்தேன். ஊனம் எத்தனை சதவீதம் என்று கேட்டால் நூறு என்று போடு. நான் நூற்றுக்கு நூறு வாங்கியது அதில் மட்டும்தான்.

மறந்துவிடாதே. முப்பதாம் தேதி.

உன்னையே நம்பியிருக்கும்
ஷாயிஸ்தா


பெங்களூர்
30.6.2008

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். அம்மாவின் முட்டிவலிக்கு இங்கே ஒரு தைலம் நன்றாக இருக்கிறது, அனுப்புகிறேன்.

மூன்று வெள்ளிக்கிழமையாகப் போனில் ‘போடுகிறேன், போடுகிறேன்’ என்று சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இன்று போட்டுவிட்டேன். விண்ணப்ப எண் 40716. அனுப்பி முடித்தபோது மாலை ஐந்து மணி ஆக நான்கு நிமிஷம். ஐந்து மணிக்குப் பக்கத்தையே மூடிவிட்டார்கள்.

(இங்கே ஐந்து வரிகள் நகத்தால் அமுக்கப்பட்டிருக்கின்றன.)

ஹால் டிக்கெட் இருபதாம் தேதி வாக்கில் வருமாம். ஜெபகுமார் அண்ணனை எடுத்துத் தரச் சொல். நன்றாகப் படி.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. எல்லோருக்கும் ஸலாம்.

தௌசிப்


பீர்க்கன்கரணை
7.7.2008

என் அன்பு அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க மணக்க நடக்கிறார்கள்.

உன் கடிதம் நாலாம் தேதி காலையில் வந்தது. அன்று ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு போனில் ‘கடிதத்தைப் படித்தாயா’ என்று இரண்டு முறை கேட்டாயே, ‘முழுசா படிச்சேன்’ என்றேன். அத்தா பக்கத்தில் நின்றதால் அதற்கு மேல் பேச முடியவில்லை. அந்த எண்ணை விரலால் எத்தனை தடவை தடவினேன் தெரியுமா? நாற்பதாயிரத்து எழுநூற்றுப் பதினாறு. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நடுவில் ஐந்து வரி அமுக்கியிருந்தாய். இந்த முறை சூப்பர்வைசர் நிரம்பத்தான் திட்டு வாங்கியிருக்கிறார். கவலைப்படாதே, விரலைத் தூக்கி அடுத்த வரியில் வைத்துவிட்டேன்.

தேர்வில் எனக்காக எழுத ஏஞ்சலின் தங்கை வருகிறாள். பிளஸ் டூ படிக்கிற பெண், தெளிவாகப் படிப்பாள். தினமும் பழைய கேள்வித்தாளை அவள் வாசிக்க நான் விடை சொல்கிறேன். நூற்றுக்கு எழுபத்தெட்டு வருகிறது. அத்தாகூட நேற்று நின்று கேட்டுவிட்டு, ‘பரவாயில்லையே’ என்று சொல்லிவிட்டுப் பை விற்கும் தன் கடைக்குப் போனார். அத்தா வாயில் அந்த வார்த்தை வந்தால் பெருநாள்தான்.

நீ இல்லாவிட்டால் எனக்கு யாரும் இல்லை என்பதை எழுதி அமுக்க நினைத்தேன். அமுக்கவில்லை, அப்படியே படித்துக்கொள்.

அன்புத் தங்கை
ஷாயிஸ்தா


பீர்க்கன்கரணை
21.7.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். நீ நலமா என்பதுதான் தெரியவில்லை. பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை நீ போன் செய்யவில்லை. அத்தா செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அம்மா இரண்டு நாளாக வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார்கள்.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. இருபத்தேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில். ஜெபகுமார் அண்ணன் இரண்டு முறை படித்துக் காட்டினார். எனக்காக எழுதுபவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தனியாக ஒரு கடிதம் வருமோ? நீ விண்ணப்பத்தில் என்ன பார்த்தாய்? அண்ணா, ஒரே ஒரு வரி போதும், எழுது.

கவலையுடன்
ஷாயிஸ்தா


பெங்களூர்
23.7.2008

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் ஒன்றும் இல்லை, வேலை அதிகம்.

தேர்வுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போ. ஊனச் சான்றிதழின் அசலை எடுத்துக்கொள். நகலும் எடுத்துக்கொள். போனவுடன் அங்கே பெரிய பொறுப்பில் இருப்பவர் யாரோ அவரைப் பார். அத்தாவையும் கூட்டிப் போ.

(இங்கே ஒரு பக்கம் முழுவதும் நகத்தால் அமுக்கப்பட்டிருக்கிறது.)

அல்லாஹ் போதுமானவன்.

தௌசிப்


பீர்க்கன்கரணை
30.7.2008

தௌசிப் அண்ணனுக்கு,

ஸலாம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

நீ இருபத்து மூன்றாம் தேதி எழுதிய கடிதம் நேற்றுத்தான் வந்தது. தேர்வு முடிந்து இரண்டு நாள் கழித்து. இலவசத் தபால் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எட்டு மணிக்கே போய்விட்டோம். ஏஞ்சலின் தங்கை புதுப் பேனா வாங்கி வந்திருந்தாள். வாசலில் அவளை நிறுத்திவிட்டார்கள். மேற்பார்வையாளர், துளசிங்கம் என்று யாரோ கூப்பிட்டார்கள், பட்டியலைப் புரட்டினார். “லிஸ்ட்ல நார்மல்னு கீதும்மா. நீ போட்ட ஃபாரம்தானே இது? நான் இன்னா பண்ண முடியும்?” என்றார். ஊனமா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் இருக்கிறதாம். அத்தா என் கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார், என்னை முன்னே தள்ளினார், கண்ணைப் பாருங்க சார் என்றார். நம் அத்தா, கடைக்கு வருபவர் அஞ்சு ரூபாய் குறைத்துக் கேட்டாலே முறைக்கிறவர், காலில் விழப் போனார். அவர் பட்டியலைத்தான் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. உட்காருவதானால் தனியாக உட்கார், இல்லாவிட்டால் போ என்றார்.

உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். நாலு பக்கமும் பென்சில் உரசுகிற சத்தம். என் முன்னால் கேள்வித்தாள் இருந்தது, வழவழவென்று, ஒரு புள்ளி இல்லாமல். அறையில் கனகவல்லி என்று ஒரு டீச்சர். குனிந்து காதோரம், “ஒண்ணே ஒண்ணு படிக்கட்டுமாம்மா” என்று முதல் கேள்வியைப் படித்தார். அதற்கு மூன்றாவது விடை என்று சொன்னேன். சரிதான் போலிருக்கிறது, அவர் மூச்சு நின்று வந்தது. ஆனால் அவர் குறிக்கக் கூடாது, வேலை போய்விடும். என் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். எனக்கு அந்தத் தேர்வில் ஒரே ஒரு கேள்விதான் தெரியும், அண்ணா. அதற்கு விடையும் தெரியும்.

வீட்டுக்கு வந்து உன் ஜூன் முப்பது கடிதத்தை எடுத்தேன். நம் சட்டத்தை முறித்தேன். ஐந்து வரியையும் படித்தேன். நீ எழுதியதை உனக்கே எழுதுகிறேன்:

“ஷாயிஸ்தா, ஆம் என்று போட்டால் அந்தப் பெட்டி இங்கேயும் திறந்து நின்றுவிட்டது. நேரம் இல்லாததால் இல்லை என்று போட்டுவிட்டேன். ஜூலை பத்துக்குள் நீயே கையெழுத்திட்டு, சான்றிதழ் நகலோடு நேரில் கொடுத்தால் திருத்துவார்களாம். என்னை மன்னித்துவிடு.”

நாலாம் தேதி அந்த வரி என் கையில் இருந்தது. பல்கலைக்கழகம் ஒரு ரயில் தூரம். என் விரல் அதன் மேல்தான் இருந்தது, நான்தான் மரியாதையாக எடுத்துவிட்டேன். இதை நினைத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் நான் படிக்கவில்லை என்று ஏழாம் தேதியே எழுதினேனே. அது எப்போது உன் கைக்கு வந்தது? அதற்குப் பிறகு உன்னால் ஒரு போன் செய்ய முடியவில்லையா? இருபத்தைந்தாம் தேதி செய்தாய். அத்தாவிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். நேற்று வந்த கடிதத்திலும் ஒரு பக்கத்தை அமுக்கியிருக்கிறாய். அதைப் படிக்கவில்லை. சட்டத்துக்காக இல்லை, எனக்குத் தெம்பு இல்லை.

அத்தா திட்டவில்லை. ராத்திரி சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, “போதும்மா. வருசா வருசம் எவன் கால்லயோ வுழுந்துகினு இருக்க என்னால முடியாது” என்றார். பத்தாம் தேதி வாணியம்பாடி.

ஷாயிஸ்தா


பெங்களூர்
6.8.2008

ஷாயிஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் கேட்க எனக்கு முகம் இல்லை.

இதில் ஒரு புள்ளியையும் அமுக்க மாட்டேன்.

உன் விவரத் தாள்கள் என் டிராயரில் இருபது நாள் கிடந்தன. சூப்பர்வைசர் இருந்தார், லைன் இல்லை என்று உனக்குச் சொன்னதெல்லாம் பாதிதான் உண்மை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். கடைசி நாள் நாலு மணிக்கு உட்கார்ந்தேன். மூன்று முறை பெட்டி நின்றது. நாலாவது முறை ‘இல்லை’ என்று அழுத்தினேன். ஜெபகுமார் அண்ணன் சொன்னபடியே ஜம்மென்று போனது.

ஒன்று சொல்ல வேண்டும். அதை அழுத்தியபோது ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு குறையும் இல்லாத ஒரு ஷாயிஸ்தா அந்தத் திரையில் இருந்தாள். பொருட்காட்சிக்குக் கூட்டிப்போக வெட்கப்பட்ட அதே பையன் இன்னும் எனக்குள் இருக்கிறான்.

எழுதிவிட்டு, நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் அமுக்கினேன். நீ எப்படியும் திருட்டுத்தனமாகப் படித்துவிடுவாய், போனில் மறைமுகமாகத் திட்டுவாய் என்று நினைத்தேன். ‘முழுசா படிச்சேன்’ என்றாய். படித்துவிட்டாள், பெரிய மனசு, திட்டாமல் விட்டாள், திருத்தியும் விடுவாள் என்று அன்று இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். உன் கடிதம் பதினான்காம் தேதி வந்தது. பத்து தாண்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பதினோரு முறை போன் செய்தேன். இணையதளத்தைப் பார்க்கவும் என்று ஒரு பதிவு செய்த குரல். அதன் பிறகு உன் குரலைக் கேட்கப் பயந்து போனைத் தொடவில்லை. பதின்மூன்று நாள், ஷாயிஸ்தா. உனக்குச் சொல்லியிருந்தால் நீ அங்கே போய் உட்கார்ந்தாவது ஏதாவது செய்திருப்பாய். அந்த வாய்ப்பையும் நான்தான் எடுத்துக்கொண்டேன்.

திட்டியாவது ஒரு கடிதம் போடு.

தௌசிப்


வாணியம்பாடி
7.9.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று ஆறாம் நோன்பு. இங்கே எல்லோரும் நலம். நீ ஸஹருக்கு ஒழுங்காக எழுந்து சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் போடவில்லை. முதலில் கோபம். பிறகு வேறு காரணம். இங்கே வருமுன் நான் பல்கலைக்கழகத்துக்கு ஒரு புகார் எழுதினேன். பிரெயிலில், ஏழு பக்கம். நான் படிக்க முடியாததை அவர்கள் எனக்கு அனுப்பினார்கள், அவர்கள் படிக்க முடியாததை நான் அனுப்புகிறேன், ஆள் தேடிப் படிக்கட்டுமே என்ற திமிர்தான். பதில் வந்தது. பெரியம்மாவின் மருமகள் கைனாத் படித்துச் சொன்னாள். “தாங்கள் அனுப்பிய உறையில் எழுதப்படாத தாள்கள் மட்டுமே இருந்தன. தங்கள் கோரிக்கையை இணையதளம் வழியாகப் பதிவு செய்யவும்.”

கைனாத் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு நிற்கவே இல்லை, அவள் பயந்துவிட்டாள்.

இங்கே நோன்புக் கஞ்சிக்குத் தினமும் பன்னிரண்டு கிலோ பூண்டு. பெரியம்மா நல்லவர்கள், தலையணை போட்டு உட்கார வைக்கிறார்கள், நோன்பு திறக்க எனக்குத்தான் முதல் பேரீச்சம்பழம். பூண்டுச் சாறு பட்டு விரல் நுனி வெந்து உரிகிறது. எல்லோருக்கும் அப்படித்தான், மரத்துப் போனால் சரியாகிவிடும் என்கிறார்கள். உன் கடிதத்தை ஆள்காட்டி விரலால் படிக்க முடியவில்லை. சுண்டு விரலால் ஒரு நாளைக்கு அரைப் பக்கம் படித்தேன். அதனால்தான் இவ்வளவு நாள். குத்துவதற்கு ஒன்றும் தடை இல்லை, ஊசி பிடிக்க நுனி வேண்டாம்.

அந்த ஒரு நிமிஷ நிம்மதியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் எழுதியது நல்லது.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீ கவலைப்பட வேண்டாம்.

(இங்கே இரண்டு வரிகள் நகத்தால் அமுக்கப்பட்டிருக்கின்றன.)

பெருநாளுக்கு அத்தா வந்தால் புள்ளி குத்தும் என் ஸ்லேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். உன்னிடம் இருக்கட்டும்.

ஷாயிஸ்தா


பெங்களூர்
12.9.2008

ஷாயிஸ்தா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. அமுக்கிய வரி கண்ணுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நீ அழுத்தித் தேய்த்திருக்கிறாய். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். வாழ்க்கையில் முதல் முறை. இரண்டு வரிக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

“அண்ணா, முழுவதும் மரத்துப் போவதற்குள் என்னை வந்து கூட்டிக்கொண்டு போ. விரலும் போய்விட்டால் எனக்கு நீயும் இல்லை.”

லீவு கேட்டேன், இல்லை என்றார். அந்தச் சூப்பர்வைசரிடம் இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்ததை நேராகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அத்தாவுக்கும் போன் செய்து, விண்ணப்பத்தில் இல்லை என்று போட்டவன் நான்தான் என்று சொன்னேன். ஸ்பீக்கரில்தான் இருந்தது, தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு, “மொதல்ல போய் புள்ளைய இட்டாந்துடு” என்றார்.

அடுத்த வருஷம் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டி அப்போதும் திறந்து நிற்கலாம். நிற்கட்டும், ‘ஆம்’ என்பதை நீதான் அழுத்துவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இதைத் தபாலில் போடவில்லை. பையில் வைத்திருக்கிறேன், ரயில் இன்னும் பத்து நிமிஷத்தில் கிளம்பும். நீ படிக்க வேண்டியதும் இல்லை, நானே படித்துக் காட்டுகிறேன். பூண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவி வை. ஸலாமை நேரில் சொல்கிறேன்.

தௌசிப்